ஈரம் காயாத சுவர்

வகுப்பில் அவளுக்கு மட்டும் சுவர் உரியவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பழைய கட்டடங்களை அதே அழுக்கோடும் விரிசலோடும் சின்ன மாதிரிகளாகச் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பு அது. ஆளுக்கொரு கட்டடம். ஒருவர் ரயில் நிலையம் செய்தார், ஓர் அம்மாள் தான் படித்த பள்ளிக்கூடத்தைச் செய்தார். அவள் எடுத்துக்கொண்டது தான் வளர்ந்த வாடகை வீடு. அதை இடித்து வெகுநாளாகிவிட்டது. புகைப்படங்கள் மட்டும் இருந்தன. கதவுக்கு ஐஸ் குச்சி, ஜன்னல் கம்பிக்கு மெல்லிய ஒயர், மழைத்தண்ணீர்க் குழாய்க்கு ஸ்ட்ரா. வெட்டும் முன் அளப்பாள், வெட்டிய பின் மறுபடி அளப்பாள், அப்படியும் நம்பிக்கை வராமல் பக்கத்து மேஜையை எட்டிப் பார்ப்பாள். அளவுகோல் என்று அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் சும்மா வந்ததில்லை.

எல்லாம் வந்துவிட்டது. முன்பக்கச் சுவர்தான் வரவில்லை. அந்த வீட்டைத் தெரிந்த யாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சுவர்தான். நீலப் பெயிண்ட் பாளம் பாளமாக உரிந்து, உள்ளேயிருந்த சாம்பல் பூச்சு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

பெயிண்ட் அடித்தவன் அண்ணன். தனியாகத் தொழில் தொடங்கிய புதிதில், தெருவுக்கே தெரியட்டும் என்று தாங்கள் இருந்த வீட்டுக்கே அடித்த சுவர். அடுத்த மழைக்கே உரிந்துவிட்டது. "நம்ம வீட்டு ஒருமழை" என்று அப்பா அவனுக்குக் கேலியாகப் பெயர் வைக்க, தெரு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வேலை கொடுக்க வந்தவர்கள்கூட, "ஒருமழையா? வேண்டாம்பா" என்று திரும்பிப் போனார்கள். அண்ணன் பிரஷ்களைக் கழுவிக் கட்டி வைத்துவிட்டு ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனான். இன்றுவரை அங்கேதான்.

அப்படி உரிந்த சுவர், மாதிரியில் மட்டும் பிளேடால் சுரண்டினாலும் அசையவில்லை.

"என்னம்மா, சுவரோட மல்லுக்கட்டா?" என்று மாஸ்டர் வந்து நின்றார்.

"உரிய மாட்டேங்குது சார். பூச்சு நல்லா காயட்டும்னு ரெண்டு நாள் விட்டுட்டுத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அதானே தப்பு! காயவிட்டு அடிச்சா எப்படி உரியும்? நல்ல பெயிண்டர் செய்யுற மாதிரில்ல செஞ்சு வச்சிருக்கே! பூச்சு ஈரமா இருக்கும்போதே அடி. அதுவா கையோட வரும்."

அப்படியே செய்தாள். அடுத்த வகுப்பில், ஓரத்தில் நகம் பட்டதுமே நீலம் தோல்போல எழும்பி வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் கைதட்டினார்கள். அவள் மட்டும் நகத்தில் ஒட்டியிருந்த நீலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அந்த நீலத்தை அடித்த நாள் ஒரு சனிக்கிழமை. மழைக்குழாய் ஒழுகி நனைந்திருந்த சுவரை அண்ணன் உள்ளங்கையால் தடவிப் பார்த்து, "இன்னும் ஈரம் இருக்கு. ரெண்டு நாள் போகட்டும்" என்றான். மறுநாள்தான் அவளுடைய புது அலுவலகத் தோழிகள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. "அவங்க வந்துட்டுப் போன பிறகு யாருக்கு அடிக்கப் போறே? உன்னை நம்பினா இந்த வீட்டுல ஒண்ணு நடக்குமா?" என்று அவள்தான் விடாப்பிடியாக நின்றாள். அவன் டப்பாவைத் திறந்தான். தோழிகள் நீலத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். உரிந்தபோது வீட்டாரோடு சேர்ந்து அவளும்தான் சிரித்தாள். ஈரத்தைப் பற்றி அவன் சொன்னது நினைவிலேயே இல்லை. மறந்துதான் போனாளா, மறந்ததாக வைத்துக்கொண்டாளா என்பது இப்போது அவளுக்கே விளங்கவில்லை.

வகுப்பின் முடிவில் வைக்கும் கண்காட்சிக்கு அண்ணனை அழைத்தாள். அப்பாவையும் அழைத்தாள். எல்லார் முன்னிலையிலும் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று முடிவு. எந்த வார்த்தையில் தொடங்குவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் முதலில் வந்தான், ஷிஃப்டுக்குப் போகிற வழியில், காவல் சீருடையோடு. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்த்தான்.

"அடேயப்பா அளவுகோல்! துணி காயப்போடுற கம்பியைக்கூட விடலையா நீ?" என்றவன், முன்பக்கம் வந்ததும் பேச்சை நிறுத்தினான்.

"அண்ணா, அது வந்து..."

அதற்குள் மாஸ்டர் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "இந்தச் சுவரைப் பாருங்க. நிஜம் மாதிரியே இல்ல?"

"நிஜமேதான்" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். "இதுக்கு பெயிண்ட் அடிச்ச புண்ணியவான் மட்டும் என் கையில கிடைச்சான்..."

எல்லோரும் சிரித்தார்கள். வாய் தானாக விரிந்து அவளும் சிரித்துவிட்டாள்.

"அவனைத் தேடாதீங்க சார்" என்றான் அண்ணன், அவனும் சிரித்துக்கொண்டே. "அவன் தொழிலையே விட்டுட்டான்."

இன்னொரு சிரிப்பு. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று அவளுக்குத் தெரிந்தது.

"எப்படிச் செஞ்சேன்னு சொல்லும்மா" என்றார் மாஸ்டர்.

"பூச்சு... ஈரமா இருக்கும்போதே அடிச்சேன் சார். ஈரத்து மேல அடிச்சா உரிஞ்சிடும்."

அவ்வளவுதான் வந்தது. யார் சொல்லி யார் அடித்தது என்பது வரவே இல்லை. கூட்டம் ரயில் நிலையத்தைப் பார்க்க நகர்ந்தது.

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "இப்பதான் தெரிஞ்சுதா?"

"உனக்கு அப்பவே தெரியுமே. ஏண்ணா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே, அடிக்கிறதுக்கு முன்னாடி." தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். "அடிச்ச பிறகு என்னத்தைச் சொல்ல? கை என்னோடதுதானே."

"கொஞ்சம் இரு. அப்பா வந்துடுவாரு. வந்ததும் நானே..."

"பஸ் போயிடும்" என்று கிளம்பினான். வாசல்வரை போனவன் திரும்பி, "ஜன்னலுக்கு மேல ஒரு கோட் கம்மியா அடிச்சிருந்தேன், பெயிண்ட் பத்தல. அதையும் கவனிச்சிருக்கே" என்றான். அது பாராட்டா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

அப்பா வந்தபோது நாற்காலிகளை அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தார்.

"அட, நம்ம ஒருமழையோட கைவரிசை! அச்சு அசலா இருக்கே!" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

"அவன் இல்லப்பா. நான்." ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றுகூட வரவில்லை. "சுவர் ஈரமா இருக்கு, ரெண்டு நாள் போகட்டும்னு அவன் சொன்னான். ஃப்ரெண்ட்ஸ் வராங்கன்னு நான்தான் நச்சரிச்சு அடிக்க வச்சேன்."

சிரிப்பு உடனே நிற்கவில்லை. தொடங்கிய வேகத்தில் கொஞ்ச தூரம் ஓடி, பிறகுதான் அடங்கியது. அப்பா சுவரை ஒரு விரலால் தொட்டார்.

"அவன் வந்தானா?"

"வந்தான். ஷிஃப்டுக்குப் போயிட்டான்."

"அவன் நிக்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?"

அப்பா கையை எடுத்தபோது, நீலச் செதில் ஒன்று விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், விரலை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.