ஆறு பாத்திக்கும் அட்டை போட்ட கதை

குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க என் முட்டிக்கு ஒரு சுவர் வேண்டும். பூப்பாத்திக்கு நடுவில் சுவருக்கு எங்கே போவது? நான் தோட்ட வேலை பார்க்கிற ஆபீஸ் வாசலில் மொத்தம் ஆறு பாத்தி. ஆறாவதில் களை எடுத்து முடிப்பதற்குள் முதல் பாத்தியில் புல் தலைகாட்டிவிடும். "அடுத்த மாசமும் இப்படியே இருந்தா வேற ஆள்தான் பார்க்கணும்மா" என்று மேனேஜர் சொன்னார். பன்னிரண்டு வருஷத்து வேலை.

என் வீட்டுக்காரர் கடையில் சரக்கு இறக்குகிறவர். "அட்டைப்பெட்டி சும்மாதான் கிடக்கு. பிரிச்சுப் போட்டு மூடு. வெளிச்சமே படலேன்னா புல்லு எப்படி முளைக்கும்?" என்றார்.

"ஆமா, பெரிய விஞ்ஞானி" என்றேன். ஆனாலும் வேறு வழி?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகப் போனோம். அட்டையை விரித்து, நனைத்து, மேலே கூட்டிய சருகை நாலு விரல் உயரத்துக்குப் பரப்பினோம். மூன்றாம் நாள் பார்த்தால் செடியெல்லாம் தொங்கிக் கிடக்கிறது! மனுஷன் அட்டையில் இருந்த பிளாஸ்டிக் டேப்பை உரிக்கவே இல்லை. ஊற்றின தண்ணீர் மண்ணுக்குப் போகவில்லை.

"புல்லை மூடுறேன்னு செடியையே பார்சல் கட்டி வச்சிருக்கீங்களே! உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

அவர் அத்தனை அட்டையையும் எடுத்து டேப்பை உரித்தார். தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டு மறுபடி விரித்தார்.

மாதம் முடிந்தது. பேருக்குக்கூட ஒரு களை இல்லை. மேனேஜர் ஆறு பாத்தியையும் சுற்றிப் பார்த்தார். "பிரமாதம்மா" என்றார். என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அவர் முடிக்கவில்லை.

"இனிமே தினமும் எதுக்கு? சனிக்கிழமை மட்டும் வாங்க. சம்பளமும் அதுக்குத் தகுந்த மாதிரி போட்டுக்கலாம்."

"புல்லு இருந்தாலும் குத்தம், இல்லேன்னாலும் குத்தமா சார்?"

அவர் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வழி நெடுக வீட்டுக்காரரைத் திட்ட வார்த்தை சேர்த்துக்கொண்டே வந்தேன். யோசனை யாருடையது? வரட்டும் இன்றைக்கு, ஒரு கை பார்த்துவிடுகிறேன்.

அவர் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன சொன்னார் உன் மேனேஜர்?"

"பிரமாதம்னு சொன்னார்."

"பார்த்தியா! நான்தான் அப்பவே சொன்னேன்ல!"

அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இன்னொரு வார்த்தை பேசினால் அழுதுவிடுவேன் என்று உள்ளே போய்விட்டேன்.