ஆடி அழைப்புக்கு டொராண்டோ

"ஆடிக்கு யாரு போயி அழைச்சுகினு வர்றது? உங்கண்ணனா?"

தனகோடி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு உண்ணாமலை அரிசி களைவதை விட்டுவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். தண்ணீர் தெளிக்கிற சாக்கு. உச்சி வெயிலில் யார் வாசல் தெளிப்பார்கள்?

"அதுக்குன்னு நல்ல புள்ளைய வுட்டுடுவீங்களா?" அவர் மனைவி கமலமும் குரலைக் குறைக்கவில்லை.

மகள் தேவிப்ரியாவைக் கேட்டு வந்த தமிழ்வாணன் பக்கத்துச் சேவூர்க்காரன்தான். வேலை மட்டும் கனடாவில், டொராண்டோவில். பெண்ணுக்கும் பிடித்துப்போயிற்று. ஆனால் கலியாணமான முதல் ஆடியில் பெண்ணைப் பெற்றவரே சீர்த்தட்டோடு போய் மகளை அழைத்து வருவது அந்த வீட்டு வழக்கம். திருப்பதியைத் தாண்டாத தனகோடி, அழைக்க முடியாத ஊருக்குப் பெண் கொடுக்கமாட்டேன் என்று ஒரே பிடி.

தேவிப்ரியா போனில் தேடிக் காட்டினாள். "சென்னையிலேர்ந்து பதிமூணாயிரம் கிலோமீட்டருப்பா. பதினாறு மணி நேரம் பறந்தா போதும்."

"நடுவுல எறங்காமலா?"

"எறங்காமதான்."

"நாள் பூரா தறியில உக்காந்துகினுதான இருக்கீங்க? அங்கயும் உக்காருங்களேன்" என்றாள் கமலம்.

"தறியில காலு மிதிச்சுகினு இருக்குதுடி. சும்மா தொங்கப்போட்டா மரத்துப்பூடும்."

இருந்தாலும் மனிதர் மறுநாள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தார். மகள்மேல் அவ்வளவு ஆசை. காபி வருவதற்குள் இரண்டு பாதங்களும் இல்லாத மிதிகட்டையைத் தேடித் தரையில் தாளம்போட ஆரம்பித்தன. உண்ணாமலை முந்தானையால் வாயைப் பொத்தினாள். அவர் எழுந்து உள்ளே போய், "நம்மளால ஆவாதும்மா" என்றார். அன்று தேவிப்ரியா சாப்பிடவில்லை. அவரும்தான்.

சேதி தெரிந்து தமிழ்வாணனே போன் செய்தான். திருடிவிட்டு ஒப்புக்கொள்கிறவன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினான். "மாமா, அது தூரத்த வெச்சி போட்ட கணக்குங்க. நேரா ப்ளைட்டே கெடையாது. துபாய்ல எறங்கி வேற ஏறணும். எல்லாம் சேர்ந்து ஒரு நாளு ஆயிடுங்க."

"எறங்கலாமா? எறங்கி நடக்கலாமா?"

"கால் வலிக்கிற வரைக்கும் நடக்கலாங்க. அம்மாம் பெரிய ஏர்போர்ட்டு."

"யோவ் மாப்ள, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ரெண்டு நாளா வீட்டையே பேஜாராக்கிட்டீங்களே!"

பயண நேரம் கூடியதும் சம்மதம் சொன்ன மாமனார் ஆரணியிலேயே இவர் ஒருவர்தான்.

தையில் கலியாணம். விசா கிடைத்ததும் தேவிப்ரியா டொராண்டோ போனாள். ஆடியில் தனகோடி வெள்ளை வேட்டியோடு போய் அவளை அழைத்து வந்தார். கமலம் உடன் போகவில்லை. அம்மன் கோயிலில் கூழ் ஊற்ற ஆள் வேண்டும் என்றாள். விமானம் என்றாலே அவளுக்குக் குலை நடுங்கும் என்பது தெருவுக்கே தெரியும்.

ஆவணி பிறந்ததும் தேவிப்ரியா புருஷன் ஊருக்குப் புறப்பட்டாள். அதே மாசம் உண்ணாமலை தன் மகள் துர்காவை, ஒரே பஸ்ஸில் போய் ஆடிக்கு அழைத்து வந்துவிடக்கூடிய சந்தவாசலில் கட்டிக்கொடுத்தாள்.