இராகுகாலத்து ஞானத்தகப்பன்

இரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணி சூசைநாதனின் பிள்ளைக்கு இரண்டு மாதமாகியும் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் விழவில்லை. பிரிக்பீல்ட்ஸில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சாயங்காலமானால் மழை கொட்டுகிறது. பஞ்சமெல்லாம் ஞானத்தகப்பனுக்குத்தான். அவரும் இல்லாமலில்லை. வரத்தான் மாட்டேனென்றார்.

அவர் பெரிய கிராணி மனுவேற்பிள்ளை, யாழ்ப்பாணத்துக்காரர். துரை கையெழுத்துப் போடுமுன் இவர் ஒருமுறை கனைக்க வேண்டும் என்பது ஆபீசில் பேச்சு. சூசைநாதனின் உத்தியோக உயர்வு அந்தக் கனைப்புக்குள் இருந்தது. ஆகவே ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பனாக நிற்கும்படி அவரைக் கெஞ்சினான். அவரும் மனமிரங்கினார்.

கோவிலில் ஞானஸ்நானம் ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு. மற்ற நாட்களில் பிரெஞ்சுச் சாமியார் இரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்விடுவார். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு வரை இராகுகாலம். மனுவேற்பிள்ளை மூன்று தலைமுறையாகக் கிறிஸ்து வேதக்காரர், பூசை தவறாதவர். ஆனால் அவர் பாட்டனார் வேதத்தில் சேர்ந்தபோது இராகுவையும் கூடவே அழைத்து வந்துவிட்டார் போலிருக்கிறது. இதைச் சாமியாரிடம் சொல்ல முடியுமா? ஒரு ஞாயிறு முதுகுப் பிடிப்பு என்றார். அடுத்த ஞாயிறு துரை வீட்டுத் தேநீர். அதற்கடுத்த ஞாயிறு கிள்ளானில் மைத்துனர் வீட்டு மாடு. மாட்டுக்கு என்ன என்று கேட்கச் சூசைநாதனுக்குத் தைரியமில்லை.

"அவரு வேதக்காரரா, பஞ்சாங்கக்காரரா?" என்றாள் அவன் மனைவி திரேசம்மாள்.

"மெதுவாப் பேசு. பெரிய மனுசரு."

"பக்கத்து வீட்டு அருளாயி அக்காவக் கூப்பிட்டா இப்பவே வந்து நிக்கும்."

"அருளாயி அக்கா சொன்னா துரை கேப்பாரா?"

"துரையா நம்ம புள்ளைக்கு மோட்சம் குடுக்குறாரு? போன மாசம் ஞானஸ்நானமில்லாம செத்த செபஸ்தியார் வீட்டுப் புள்ளைய எங்க பொதைச்சாங்க, பாத்தீங்கல்ல? கல்லறை வேலிக்கு அந்தாண்ட. ஒரு சிலுவைகூட கெடையாது."

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கே சூசைநாதன், பெரிய கிராணியைக் கையோடு அழைத்து வருவதாகச் சொல்லி அவர் வீட்டுக்குப் போனான்.

அங்கே அவர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார். "அவசரப்படாதையும் தம்பி. ஆறு மணி கழியட்டும். சாமியாரோட நான் கதைச்சு வேற நாள் எடுத்துத் தாறன்" என்றார். சூசைநாதன் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு இராகு போகக் காத்திருந்தான்.

இங்கே வீட்டில் காலையிலிருந்த காய்ச்சல் ஏறி, பிள்ளைக்கு வலிப்புக் கண்டது. கண் மேலே செருகியது. திரேசம்மாள் அருளாயியைக் கூவினாள், பதிலில்லை. கோவிலுக்கு ஓடப் பொழுதில்லை. அடுக்களைப் பானையில் ஒரு குவளை மொண்டு பிள்ளையின் தலையில் ஊற்றி, சாகும் ஆபத்தில் யாரும் கொடுக்கலாமென்று சின்ன வயதில் கோவில் மந்திரப் பாடத்தில் நெட்டுருப் போட்டபடி பிதா, சுதன், இஸ்பிரீத்துசாந்துவின் பெயரால் ஞானஸ்நானம் கொடுத்தாள். பிறகு ஈரத்தலையோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது.

"ஊத்துனத யார்கிட்டயும் சொல்லாத," என்றான் சூசைநாதன். "பெரிய கிராணி வெள்ளிக்கிழம காலையில எட்டு மணிக்குச் சாமியார ஒத்துக்க வச்சிருக்காரு. எவ்வளவு பெரிய காரியம்!"

வெள்ளிக்கிழமை மனுவேற்பிள்ளை கோவில் வாசலில் வாடகை மோட்டாரில் வந்திறங்கினார். வெள்ளைக் கோட்டு, தங்கச் சங்கிலி, கூடவே படம் பிடிக்க ஒரு சீனன். உள்ளே வந்து சாமியார் முன்னே நின்று, பிள்ளையை வாங்கக் கையை நீட்டினார்.

"சாமி," என்றாள் திரேசம்மாள், "புள்ளைக்கு நானே தண்ணி ஊத்திட்டேன்."

சூசைநாதன் இருமினான். யாரும் பொருட்படுத்தவில்லை. சாமியார் எந்தத் தண்ணீர், என்ன வார்த்தை, தலையில் ஓடிற்றா என்று பாண்டிச்சேரித் தமிழில் விசாரித்தார். "செல்லும்," என்றார். "ரெண்டாந்தரம் குடுக்கறது பாவம். உப்பு, எண்ணெய்ச் சடங்கு மட்டும் மிச்சம். மனுவேற்பிள்ளை, நீர் குழந்தையைச் சும்மா பிடிச்சுக்கலாம். ஞானத்தகப்பன் ஆக மாட்டீர்."

"சும்மாவோ? சும்மா பிடிக்கவோ நான் கோட்டுப் போட்டு வந்தனான்?" மனுவேற்பிள்ளை திரேசம்மாள் பக்கம் திரும்பினார். "எத்தனை மணிக்கு ஊத்தினனீர்?"

"ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்குங்க."

நீட்டிய கை இரண்டும் கோட்டுப் பைக்குள் போயின. சாமியார் பார்க்கிறாரே என்று அவசரமாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டு, பெரிய கிராணி வாசலை நோக்கி நடந்தார்.

"ஐயா! ஐயா!" சூசைநாதன் பின்னாலேயே ஓடி நடுக்கோவிலில் நின்றான். முன்னால் ஐயாவின் முதுகு. பின்னால் சொந்தப் பிள்ளையின் அழுகை. வெளியே மோட்டார் உறுமியது. இன்னும் நாலு எட்டு வைத்தால் பிடித்துவிடலாம்.

"போறதுன்னா போங்க," என்றாள் திரேசம்மாள், குரலை உயர்த்தாமல். "நிக்கறதுன்னா வந்து புள்ளையப் புடிங்க. எனக்குக் கை கடுக்குது."

சாமியார் உப்புக் கிண்ணத்தோடு காத்திருந்தார். சூசைநாதன் திரும்பி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டான். தலைகீழாகத்தான் வாங்கினான், அவள் திருப்பி வைத்தாள்.