தலைப்புக்கு முன்னால் புள்ளிகள்

மார்ச் 12, புதன்

என் தவறை முதலில் எழுதிவிடுகிறேன். கணினிக் கோப்பைக் கொடுப்பதற்கு முன் எஃப் ஒன்பது விசையை அழுத்திப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை அழுத்தினேன், பொருளடக்கம் ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு நான் எதையும் தொடவில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

மாலைக் கணினி வகுப்பில் எங்கள் சாருக்கு 'எஃப் நைன்' என்றே பெயர். யார் போய் நின்றாலும், "முதல்ல எஃப் நைன் அழுத்து, அப்புறமா அழு" என்பார். பொருளடக்கம் ஒருமுறை வந்தால் அப்படியே நிற்கும். உள்ளே தலைப்புகள் மாறினாலும், அழிந்தாலும், அந்த விசையை அழுத்தும்வரை அதற்குத் தெரியாது. இதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

இன்று அச்சகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். பக்கம் அமைக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டும். வேலை வேறு ஊரில், தங்குவதற்கு விடுதி உண்டு. சார் என்னைத்தான் சொல்லிவைத்திருந்தார். கண்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஃப்ரேம் துடைத்து வைக்கும் எனக்கு இதைவிட்டால் வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரியும்.

நான் அமைத்த பம்பு பழுதுபார்க்கும் கையேடு பெரிய திரையில் வந்தது. அத்தியாயத் தலைப்புகள் நடுவில், தடித்த எழுத்தில், பார்க்க நன்றாகவே இருந்தன.

"பொருளடக்கம் தானா வருதா, கையால அடிச்சதா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"நம்ம பொண்ணு கையால அடிக்குமா? பாருங்க" என்று சார் எஃப் ஒன்பதை அழுத்தினார்.

அத்தியாயங்கள் எல்லாம் மறைந்தன. பொருளடக்கத்தில் சேர்க்க ஒன்றும் இல்லை என்று ஒரே ஒரு வரி மட்டும் நின்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"பார்க்கத் தலைப்பு மாதிரி இருந்தா போதாதும்மா" என்றார் அந்த அம்மா. கோபமில்லாமல் சொன்னதுதான் எனக்கு வலித்தது. "இதுதான் தலைப்புன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லணும் இல்லையா?"

கம்ப்யூட்டருக்குச் சொல்லத்தான் செய்தேன். ஒவ்வொரு தலைப்பிலும் கர்சரை வைத்து, இது தலைப்பு என்று குறிக்கும் 'ஹெடிங் ஒன்' கொடுத்தது நினைவிருக்கிறது. ஆனால் கொடுத்தேனா, கொடுத்ததாக நினைத்துக்கொண்டேனா? அடுப்பை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடி வருகிறவள் நான். என் நினைவை நானே நம்புவதில்லை.

அண்ணியும் அதே வகுப்புதான். இருவரும் ஒன்றாகச் சேர்ந்தோம், ஒரே பெஞ்சு. அண்ணிக்கு ஒரு தலைப்பை நடுவில் கொண்டுவர வேண்டுமென்றால், அதற்கான பட்டனைத் தேடமாட்டார். ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டியே நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போவார். "அந்த ஸ்பேஸ் பார் என்ன உங்க அம்மா வீட்டுல இருந்து கொண்டுவந்ததா? கொஞ்சம் விட்டுவைங்க" என்று சார் கேலி செய்வார். வீட்டிலும் நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். "எப்படியோ நடுவுக்கு வருதுல்ல, விடு" என்பார்.

வரும் வழியில் என் பையை அண்ணிதான் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பிடும்போது அண்ணன், "என்னடி, ஊரெல்லாம் கம்ப்யூட்டர்ல பறக்குது, நீ பொருளடக்கமே இல்லாம புத்தகம் போடுறியாமே?" என்றான்.

"சும்மா இருங்க. யாருக்குத்தான் தப்பு வராது? பாவம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கா" என்று அண்ணி அவன் வாயை அடைத்தார். இந்த வீட்டில் எனக்காகப் பேச அவர் ஒருவராவது இருக்கிறாரே என்று நினைத்தேன்.

மார்ச் 15, சனி

எங்கே தவறினேன் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. கடை அரைநாள்தான். வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைத் திறந்தேன். முதல் தலைப்பில் கர்சரை வைத்தேன். 'நார்மல்' என்று காட்டியது. அடுத்ததும் நார்மல். எல்லாமே நார்மல். அதாவது, கணினிக்கு அவை தலைப்புகளே இல்லை, கொஞ்சம் தடித்த சாதாரண வரிகள். அப்படியானால் நான் ஹெடிங் கொடுக்கவே இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

கொடுக்கவில்லை என்றால் திங்கட்கிழமை பொருளடக்கம் எப்படி வந்தது?

கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் காட்டும் பட்டன் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் ஒவ்வொரு இடைவெளியும் ஒரு சின்னப் புள்ளியாகத் தெரியும். அழுத்தினேன்.

ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் எறும்பு வரிசை மாதிரி புள்ளிகள்.

நடுவுக்குக் கொண்டுவர நான் பட்டனைத்தான் பயன்படுத்துவேன். என் தலைப்புகளுக்கு முன்னால் ஒரு புள்ளிகூட இருக்காது. யாரோ ஹெடிங்கை எடுத்திருக்கிறார்கள். எடுத்ததும் தலைப்புகள் சிறுத்து ஓரத்துக்குப் போயிருக்கும். அவற்றை மறுபடி தடிமனாக்கி, பெரிதாக்கி, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி நடுவுக்குத் தள்ளியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை நான் கடைக்குக் கிளம்பும்போது, "எழுத்துப்பிழை இருக்கான்னு நான் ஒரு தடவை பார்த்துடுறேன், நீ போ" என்று சொன்னது யார் என்பது எனக்கு மறக்கவில்லை.

அப்படியும் போய்க் கேட்காமல் அறையிலேயே இருந்தேன். ஒருவேளை கை தவறிப் பட்டிருக்கலாம் என்று எழுதிப் பார்க்கிறேன். கை தவறினால் ஒரு தலைப்பு போகும். எல்லாம் போகாது.

மார்ச் 16, ஞாயிறு

அம்மாவும் அண்ணனும் வெளியே போயிருந்தார்கள். அண்ணி மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் கிளிப்புகளை எடுத்துக் கொடுத்தேன்.

"அண்ணி, தலைப்புக்கு முன்னாடி எல்லாம் ஸ்பேஸ் இருக்கு."

கையிலிருந்த சட்டையை அவர் உதறிக்கொண்டே இருந்தார். அதில் தண்ணீரே இல்லை.

"பார்த்துட்டியா" என்றார்.

"ஏன்?"

"நீ போயிட்டா இந்த வீட்டுல நான் யாரு கூடப் பேசுவேன், குட்டி? உங்க அண்ணன் டிவியோட பேசுவார். உங்க அம்மா என்னைத் தவிர எல்லார்கிட்டயும் பேசுவாங்க."

"கேட்டிருக்கலாமே, அண்ணி. போகாதேன்னு ஒரு வார்த்தை."

"கேட்டா போகாம இருந்திருப்பே. அப்புறம் என்னாலதான்னு ஆயுசுக்கும் மனசுல வெச்சிருப்பே." சட்டையைக் கொடியில் போட்டு மடிப்பு நீவினார். "இப்படின்னா உன் தப்புன்னு நீயே நெனைச்சுப்பேன்னு பார்த்தேன். நீதான் எல்லாத்துக்கும் அப்படி நெனைக்கிறவளாச்சே."

வேலையைக் கெடுத்ததைவிட இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அடுப்புக்காகத் திரும்பி ஓடும்போதெல்லாம் சிரிக்காமல் எனக்காகத் தெருவில் காத்து நின்ற ஒரே ஆள் அண்ணி. என் நினைவை நானே நம்புவதில்லை என்று அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அதை வைத்தே என்னைப் பூட்டியிருக்கிறார்.

"யார்கிட்டயும் சொல்லப்போறியா?" என்று கேட்டார்.

மீதி கிளிப்புகளைச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தேன். அழுகை வந்தது. அழுதுகொண்டே சாருக்குப் போன் செய்தேன். யார் என்று சொல்லவில்லை, கோப்பு கெட்டுப்போயிருந்தது, என் வேலை அப்படி இல்லை என்று மட்டும் சொன்னேன். 'நினைக்கிறேன்' என்று சேர்க்காமல் சொல்லி முடித்தது எனக்கே ஆச்சரியம்.

"அந்தம்மா இன்னும் ஆள் எடுக்கலை. ஆனா நான் சொல்லி இனிமே எடுபடாது. நீயே நேர்ல போய் அவங்க கண்ணு முன்னாடி பண்ணிக் காட்டு" என்றார். பிறகு, "முதல்ல எஃப் நைன்" என்று ஆரம்பித்தவர், நான் மூக்கை உறிஞ்சுவது கேட்டதும் நிறுத்திக்கொண்டார்.

கீழே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. வழக்கமாக இந்த நேரத்தில் போய்த் துடைத்து வைப்பேன். இன்று போகவில்லை.

நாளை திங்கள். விடிந்ததும் எழுந்து புள்ளிகளை அழிக்க வேண்டும். ஒவ்வொரு தலைப்புக்கும் ஹெடிங் ஒன் கொடுத்து, எஃப் ஒன்பதை அழுத்தி, பக்க எண்களைச் சரிபார்க்க வேண்டும். பென் டிரைவை என் பையில் நானே வைக்க வேண்டும். கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு முதல் பேருந்தில் அச்சகத்துக்குப் போக வேண்டும்.