கிணற்றடிப் பளிங்கு

"கதவ மெல்லச் சாத்துங்க. ஆடினா எல்லாம் பொடியாப் போயிரும்" என்றாள் என் மனைவி தக்ஷாயினி. குசினியில் அடுப்புக்கு எதிரே இருந்த அலுமாரிக்கு மேல் அவள் அடுக்கிவைத்திருந்த கண்ணாடிக் குப்பிகளுக்காகத்தான் அந்தக் கட்டளை.

"உங்கட பிள்ளைகள் நித்திரையோ?" என்றேன்.

சிரித்தபடி ஸ்கூட்டியை வெளியே உருட்டினாள். தன்னாமுனைச் சந்தியில் மணல் டிப்பர் லொறி ஒன்று அவளை அடித்துப்போட்டது. அந்த இடத்திலேயே போய்விட்டாள். சாரதி பிணையில் வந்துவிட்டான். மணல் வண்டிகள் இன்றும் அதே வேகத்தில்தான் ஓடுகின்றன.

அவள் பளிங்கு, அதாவது படிகம், வளர்க்கும் ஆராய்ச்சி மாணவி. துத்தநாக உப்பையும் ஒரு கரிம அமிலத்தையும் கரைத்துக் குப்பியில் அசையாமல் வைத்தால் மூலக்கூறுகள் கைகோத்து வலையாகும். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் தட்டையான, அடுக்கடுக்கான வலைதான் கிடைத்தது. எங்கள் குசினியில் மட்டும் அதே பொருட்கள் நாலா பக்கமும் கைநீட்டி வேறொரு வலையாகின. பார்க்கக் கற்கண்டு போல இருக்கும். அவளுடைய பேராசிரியர் வல்லிபுரம் அதைப் பார்த்துவிட்டு, "அழுக்கு விழுந்திருக்கு, கழுவி ஊத்தும்" என்றாராம். அன்று அவள் சாப்பிடவில்லை.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு அவர் வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினார்.

"பிள்ளை தந்த குப்பிய எக்ஸ்ரே எடுத்துப் பாத்தம், தம்பி. புது வடிவம்தான். ஆனா பத்துத் தரம் செஞ்சும் எங்களுக்கு வருகுதில்ல. அவ என்ன செஞ்சவ?"

"கட்டுரை எழுதுறீங்களா சேர்?"

"ஓம். அவவுக்கு நன்றி போடுவம்."

"எங்க?"

"கடைசில."

என் கையில் பருப்புக் கரண்டி இருந்தது. அதை அவர் இலையில் எறியாதது இன்றும் எனக்கு ஆச்சரியம்.

அவள் என்ன செய்தாள் என்பது எனக்குத் தெரியும். காய்ச்சி வடித்த தண்ணீர் தீர்ந்துபோன ஒரு ஞாயிறு, அவளுக்காகக் கிணற்றில் வாளி விட்டவனே நான்தான். வாவியோரக் கிணறு, உவர். பிழை விட்டுவிட்டேன் என்று முதலில் பதறினாள். பிறகு, தண்ணீரிலுள்ள குளோரைட்டு துத்தநாகத்தின் ஒரு கையைப் பிடித்து வலையையே மாற்றிவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். எல்லாம் அவள் எழுதிவைத்த கொப்பியில் இருக்கிறது. கொப்பி என் அரிசிப் பெட்டிக்குள் இருக்கிறது.

"கட்டுரையில அவட பேர முதலாவதாப் போட்டாச் சொல்லுறன்" என்றேன்.

"இல்லாத ஆள முதல்ல போடுறது... நடைமுறை இல்ல, தம்பி."

"அழுக்கெண்டு சொன்ன ஆளப் போடுறது நடைமுறையோ?"

அவர் இலையை மூடிவிட்டு எழுந்தார். கை கழுவ நான்தான் செம்பால் தண்ணீர் வார்த்தேன். வாய் கொப்பளித்துத் துப்பினார்.

"உப்புக் கரிக்குது. குழாய்த் தண்ணி இல்லையா?"

"இல்ல சேர்" என்றேன்.

எட்டு மாதமாகிறது. ஆய்வுகூடத்தில் இன்னும் தட்டை வலைதான் வருகிறதாம். இரண்டு தரம் ஆள் அனுப்பினார். இரண்டு தரமும், முதல் பேர் அவளுடையது என்ற அதே பதிலைச் சொல்லி அனுப்பினேன்.

கிணறு இன்னும் உவர்தான்.