தம்பியின் தோட்டத்துக்கு மருந்து

துக்கத்துக்குப் போட்ட கறுப்புப் பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, தொகுஜி கொட்டகையில் வாளித் தண்ணீரில் மருந்துத் தூளைக் கொட்டிக் குச்சியால் கலக்கினார். வீட்டுக்குள் அவருடைய தம்பி சேய்கிச்சியின் முகத்தை வெள்ளைத் துணி மூடியிருந்தது. விடிகாலையில் உயிர் போயிருந்தது. ஊதுபத்தி வாசனை கொட்டகைவரை வந்தது.

"இன்னிக்கேவா மருந்தடிக்கணும் அத்தான்?" தம்பி மனைவி கினுயோ வந்து நின்றாள். "வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போகட்டும். புழு பொரிச்சிருச்சு. இலையைச் சுருட்டிக்கிட்டு உள்ள போயிட்டா இந்த மருந்து எட்டாது. அவன்தான் சொன்னான்."

"உங்ககிட்டயா சொன்னாரு?"

தொகுஜி குச்சியை இன்னும் வேகமாகச் சுழற்றினார். தம்பி சொன்னது ஆப்பிள் விவசாயிகள் கூட்டத்தில். "புழுவுக்குக் காய்ச்சல் வரவைக்கப் போறான்" என்று பின்வரிசையிலிருந்து இவர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். சேய்கிச்சியும் சிரித்தான்.

அதற்கு முந்தின வசந்தத்தில், மரங்கள் பூத்திருந்த நேரம், தொகுஜி தன் தோட்டத்தில் அடித்த பூச்சி விஷம் காற்றில் வேலி தாண்டித் தம்பி தோட்டத்துக்குள் போய்விட்டது. பூக்களில் மகரந்தம் சேர்க்க நாணல் குழல்களில் தம்பி வளர்த்த தேனீக்கள் மரத்தடியில் உதிர்ந்து கிடந்தன. சண்டைக்கு வருவான் என்று காத்திருந்தார். வரவில்லை. தேனீயை விட்டுவிட்டுப் புழுவின் வயிற்றை மட்டும் கெடுக்கிற இந்தப் பாக்டீரியாவுக்கு மாறிக்கொண்டான். "புழுவெல்லாம் செத்துத் தொங்குது, வந்து பாருண்ணா" என்று ஒருமுறை வேலியோரம் நின்று கூப்பிட்டான். வேலை இருக்கு என்றார். வேலை ஒன்றும் இருக்கவில்லை.

"ஒரு தடவை வந்து பாத்திருக்கலாம் நீங்க," என்றாள் கினுயோ.

"பாத்திருக்கலாம்."

அவள் கொட்டகை வாசலில் விழுந்த வெயிலைப் பார்த்தாள்.

"வெயில் சாயட்டும்," என்றாள். "வெயில்ல வீணாயிரும்னு சாயங்காலம்தான் அடிப்பாரு. உங்க மெஷினை எடுக்காதீங்க."

"தெரியும். அதுல பழைய விஷம் ஒட்டிக்கிட்டிருக்கும்."

இவாக்கி மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியதும், தம்பியின் தெளிப்பானை முதுகில் மாட்டினார். அவனுடைய ஒல்லியான உடம்புக்கு வைத்திருந்த பட்டை தோளை அறுத்தது.

"தளர்த்தி விடட்டுமா?" என்றாள் கினுயோ.

"வேண்டாம். இப்படியே இருக்கட்டும்."

முதல் மரத்தடியில் நின்று, இலைகளின் அடிப்பக்கம் நனையும்படி குழலைத் தூக்கினார்.