வரிக்காரம்மா தாண்டிப் போன கேள்வி

வரியைக் குறைத்துக் கொடுப்பதுதான் அவள் தொழில். ஆனாலும் தெருவில் எல்லோருக்கும் அவள் வரிக்காரம்மா, ஏதோ வீடு வீடாக வந்து பிடுங்கிக்கொண்டு போகிறவள் மாதிரி. வரித்தாக்கல் மாதம் வந்துவிட்டால் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. சாஃப்ட்வேர் திரைக்குத் திரை ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். பாதிக்கு மேல் யாருக்கும் பொருந்தாத கேள்விகள். பதில் சொல்லாமல் தாண்டினால் 'இல்லை' என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் அவள் விரல் 'அடுத்து' பொத்தானை விட்டு நகராது.

அன்று எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ரிட்டயரான பஸ் டிரைவரும் அவர் மனைவியும். அந்தம்மா ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு.

"இவ்வளவு நேரம் நான் சிக்னல்லகூட நின்னதில்லம்மா" என்று டிரைவர் கிண்டலடித்துக்கொண்டிருந்தார். கடைசித் திரையில் கட்ட வேண்டிய வரி வந்து நின்றது. அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இவ்வளவா? எதுக்கு?"

வரிக்காரம்மா படித்துப் பார்த்தாள். "அம்மா அவங்க ஓய்வூதிய நிதியில இருந்து மொத்தப் பணத்தையும் எடுத்துட்டாங்கன்னு காட்டுது சார். அதுக்குத்தான்."

டிரைவர் மனைவி பக்கம் திரும்பினார். "எடுத்து உன் தம்பிக்குத் தூக்கிக் கொடுத்துட்டியா? அவன் கடை முழுகும்போதே நினைச்சேன்."

"நான் எதையும் எடுக்கல..."

"பேசாத. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

நாக்கில் நரம்பில்லாமல் இன்னும் நாலு வார்த்தை சொன்னார், அதுவும் ஒரு மூன்றாம் ஆளை எதிரே வைத்துக்கொண்டு. அந்தம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வரிக்காரம்மா நிதி நிறுவனம் அனுப்பிய தாளைத் தேடி எடுத்தாள். 'வேறு நிதிக்கு நேரடி மாற்றம்' என்று தெளிவாகத்தான் போட்டிருந்தது. திரைகளைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். 'இந்தப் பணம் வேறொரு ஓய்வூதிய நிதியில் போடப்பட்டதா?' அவள் படிக்காமலே தாண்டிப் போயிருந்த கேள்வி.

'ஆம்' என்று அழுத்தினாள். வரி மொத்தமும் மறைந்தது. சாஃப்ட்வேர் குழப்பிவிட்டது என்று சொன்னால் டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவார். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வெளியே அந்தம்மாவின் முதுகு தெரிந்தது.

"தப்பு என்னோடது சார். ஒரு கேள்வியைப் பாக்காம விட்டுட்டேன். அம்மா பணத்தை எடுக்கவே இல்ல, இடம்தான் மாத்தியிருக்காங்க."

"அப்பாடா! ஆளையே கொன்னுட்டீங்களேம்மா!" டிரைவர் சிரித்துக்கொண்டே வாசல் பக்கம் குரல் கொடுத்தார். "ஏய், வா வா! எல்லாம் சரியாயிடுச்சு. வந்து கையெழுத்துப் போடு!"

பேசிய பேச்சுக்கும் ஏதாவது பொத்தான் இருக்கிறது என்று நினைத்தார் போலும் மனிதர். அந்தம்மா அசையவில்லை. வரிக்காரம்மாதான் எழுந்து வெளியே போனாள்.

"பணத்தை வேற நிதியில போட்டீங்களான்னு கம்ப்யூட்டர் கேட்டிருக்கு. அதை நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்மா. என்னை மன்னிச்சுடுங்க."

"நீங்க எத்தனையோ பேருக்குப் பாக்கறீங்க, ஒண்ணு ரெண்டு விட்டுத்தான் போகும். ஆனா பணம் எங்க போச்சுன்னு கேக்கணும்னு ஒரு மிஷினுக்குக்கூடத் தோணியிருக்கு. கூடவே இருக்கிறவருக்குத் தோணலையே."

பின்னாலேயே வந்திருந்த டிரைவர் வாசலில் நின்றுவிட்டார். இறங்கின குரலில் கேட்டார். "ஏன் மாத்தின?"

"பழைய நிதி கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது. எனக்கு ஏதாவது ஆனா பணம் தம்பிக்குப் போகணும்னு அப்பவே எழுதிக் கொடுத்திருந்தேன். பேரை மாத்தச் சொன்னா அவங்க இழுத்தடிச்சுட்டே இருந்தாங்க. அதான் மொத்தத்தையும் வேற இடத்துக்கு மாத்தி உங்க பேரைப் போட்டேன்."

அந்தம்மா உள்ளே வந்து, வரிக்கணக்குத் தாளை முழுவதும் படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கி நடந்தார்.

டிரைவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "எங்க போடணும்மா?"

வரிக்காரம்மா விரல் வைத்துக் காட்டினாள். அப்போதும் அந்த இடம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.